நுரையீரலில் ஒரு மூக்கு

சென்ற வாரம் எங்கள் இரு வீட்டாருக்கும் ஒரு மூக்குச் சண்டை. சண்டைக்குக் காரணமான மூக்கு யாருடைய முகத்திலும் இல்லை. ஒரு குழந்தையின் நுரையீரலில் இருந்தது.

விளக்கிவிடுகிறேன்...

என் தங்கை வள்ளிக்கு மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சற்று நேரத்திலேயே குழந்தைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வள்ளி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, அதற்குள் தீவிரப் பராமரிப்பு வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வள்ளியின் கணவர் பிரபாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். டாக்டர் ஒரு ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். கர்ப்பிணி வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே மாதிரிதான்.

பிரபா மிரண்டுபோனார். "டாக்டர், குழந்தைதான் வெளிய வந்திருச்சே. இன்னும் எதுக்கு ஸ்கேன்?"

"இது நுரையீரலப் பார்க்குறதுக்குங்க," என்றார் டாக்டர், சிரிக்காமல். குழந்தையின் மார்பில் மெல்ல வைத்துத் திரையைக் காட்டினார். "ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, அது விலா எலும்போட நிழல். நடுவுல வெள்ளையா கீழ இறங்குதே, அது நுரையீரல்ல இருக்குற தண்ணி. பிறந்ததும் வடியணும், இன்னும் வடியல. கிருமின்னு எனக்குத் தோணல. நாளைக்கு மறுபடி பார்ப்போம்."

"வடியலன்னா?"

"அப்ப வேற மாதிரி யோசிக்கணும்."

பிரபா அனுமதி கேட்டுத் திரையைப் படம் எடுத்தார். அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். என்ன படம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

குழந்தைப் படம் என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஆட்கள் உடனே பங்கு பிரித்தாக வேண்டும் – நெற்றி இவர்களுக்கு, காது அவர்களுக்கு. அதிலும் பிரபா வீட்டார் யாழ்ப்பாண வழி, நாங்கள் செட்டிநாட்டு வழி. கேட்கவா வேண்டும்?

பிரபாவின் பெரியப்பா ரத்னம், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், பக்கத்து ஊர் தெப்ராவிலிருந்து தொடங்கினார்: "கண் ரெண்டும் நல்ல கறுப்பு. மூக்கு எங்கட அப்பாவின்ர மூக்கு."

கூலாயில் இருக்கும் எங்கள் சித்தப்பா விடுவாரா? "மன்னிக்கணும் அண்ணே. இவ்ளோ நீட்டு மூக்கு எங்க பக்கம்தான் லா." ஆதாரமாகத் தன் மூக்கைப் பக்கவாட்டில் செல்ஃபி எடுத்து அனுப்பினார்.

ரத்னம் பெரியப்பா, சுவரில் மாலையோடு தொங்கிய தன் அப்பாவையே படம் பிடித்து அனுப்பினார். பிரபாவின் அத்தைக்கு வேறு கவலை: "வாயைக் காணேல்லையே?"

நான் விளக்கம் டைப் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் ஒரு மெசேஜ். மேல்மாடி வார்டில், எழுந்து உட்கார முடியாமல் கிடந்த வள்ளியிடமிருந்து.

"மூச்சு விடுறாளா?"

மேலே ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், குரூப்பிலும் எழுதினேன். மறுநாள் காலை ஒரு குட்மார்னிங் படம்கூட வரவில்லை. எங்கள் குரூப்பை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அன்று மீண்டும் ஸ்கேன். வெள்ளையைக் காணவில்லை. குறுக்கே சில மெல்லிய கோடுகள் மட்டும்.

"வடிஞ்சிருச்சு. இந்தக் கோடு வந்தா காத்து நல்லா போகுதுன்னு அர்த்தம்," என்றார் டாக்டர். இப்போது சிரித்தார். பிரபா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

இந்த முறை நானே படத்தைப் போட்டேன். இது நுரையீரல், தண்ணீர் வடிந்துவிட்டது, குழந்தை நன்றாக மூச்சு விடுகிறாள் என்று தெளிவாக எழுதினேன். எழுதி என்ன பயன்... யார் படிக்கிறார்கள்?

"மூக்கை ஏன் காணேல்ல?" – ரத்னம் பெரியப்பா.

"வாய் வந்திட்டுது. சிரிக்கிறாள்," – அத்தை.

"சிரிப்பு எங்க வீட்டுச் சிரிப்பு," – வேறு யார், சித்தப்பாதான்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் இரு வீட்டாரும் தொட்டிலைச் சுற்றி நின்று நிஜ மூக்கை ஆராய்ந்தார்கள். சப்பை மூக்கு. "உங்க பக்கம்தான்," என்று சித்தப்பா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். "இல்லை இல்லை, உங்கட பக்கம்தான்," என்று ரத்னம் பெரியப்பா அதைவிடப் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தார்.

யாருக்கும் வேண்டாத அந்த மூக்கின் அருகே வள்ளி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடான காற்று, சீராக வந்து போனது.

"யாரும் அடிச்சிக்க வேணாம்," என்றாள். "இது நானே வச்சிக்கிறேன்."