மஞ்சள் ஜெர்சியும் ஒரு டிவி கார்டும்

லினக்ஸில் டிவி கார்டு ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்; பழைய வயிற்றெரிச்சல் கிளம்பும். நம் தொழிலில் கார்டைச் சொருகுவது கல்யாணம் மாதிரி, ஒரு நாளில் முடிந்துவிடும்; அந்தக் கார்டைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளைப் போடுவதுதான் குடித்தனம்.

செல்போனில் கேமரா வராத காலம். ராயபுரத்தில் அமீர் பாய் கடையில் வீடியோ கேசட்டை சிடியாக மாற்றித் தருவோம். டெக்கில் ஓடும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுப்பது இந்த டிவி கார்டுதான். பழைய சிஸ்டத்தை வைரஸ் அரித்துவிட, "ஓசியில ஒண்ணு கீதாமே" என்று பாய் லினக்ஸுக்கு மாறினார். ஓசிதான், ஆனால் என் உயிரை வாங்கியது.

செல்வியின் கேசட்

வியாசர்பாடி செல்வி கால்பந்து ஆடுகிறவள். வயிற்றுப்பாட்டுக்குக் காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மணலிப் பக்கம் ஒரு கம்பெனி பெண்கள் டீமுக்கு ஆள் எடுத்தது. சேர்த்துக்கொண்டால் நிரந்தர வேலை. ஆடிய மேட்ச் ஏதாவது இருந்தால் சிடியில் கொண்டு வா என்று அங்கிருந்த கோச் சொல்லியிருக்கிறார். அவளிடம் இருந்தது, தெருவில் கல்யாண வீடியோ எடுப்பவர் எடுத்துக் கொடுத்த ஒரே ஒரு கேசட். அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அண்ணா, இன்னா பண்ணுவியோ தெரியாது, திங்கக்கெயம காலீல சிடி என் கைல இருக்கணும். இந்த வேல கெட்ச்சா எங்க வூடே தப்பிச்சிக்கும்."

பொட்டு வைத்த சிப்

கார்டு எந்த ரகம் என்று லினக்ஸுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கார்டில் இருக்கும் சிப்பின் நம்பரைப் படிக்க வேண்டும். கேபினெட்டைத் திறந்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்து இறுகிக் கிடந்தது. கூட வேலை பார்த்த முருகன், ஆயுத பூஜைக்கு மானிட்டர், கீபோர்டோடு நிற்காமல் பக்தி முற்றி உள்ளேயும் கை வைத்திருக்கிறான்.

நான் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்ததும் குறுக்கே பாய்ந்தான். "மாமு, சாமிக்கு வெச்சதுடா. அழிச்சா கார்டு பூடும்!"

வருஷா வருஷம் அந்தப் பூஜைக்குப் பொரியும் பூவும் வாங்கிக் கொடுக்கும் பாய், பேப்பரிலிருந்து தலை நிமிராமலே தீர்ப்புச் சொன்னார்: "அழிக்க வாணாம் தம்பி, பொட்ட கொஞ்சம் நவுத்தி வை. கார்டுல எடமா இல்ல?"

எல்லாரும் ஒரே டீம்

நம்பரைக் கொடுத்ததும் படம் வந்துவிட்டது. கை தட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி வந்து பார்த்தாள், முகம் விழுந்துவிட்டது. படம் கறுப்பு வெள்ளை. அவள் டீமுக்கு மஞ்சள் ஜெர்சி, எதிர் டீமுக்கு வெளிர் நீலம். திரையில் அத்தனை பேரும் சாம்பல். ஒரு சாம்பல் பெண் மற்ற சாம்பல் பெண்களைத் தாண்டிப் போய் கோல் அடிக்கிறாள். யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

"கோலு பூந்துச்சில்ல, அப்பால இன்னா?" என்றான் முருகன். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடிச்சது யாருன்னே தெரிலன்னா, எதிர் டீமு பொண்ணக் கூப்ட்டு வேல குட்த்துடுவாங்கண்ணா."

அமெரிக்காவிலிருந்து ராயபுரத்துக்கு

பிரவுசிங் சென்டருக்கு ஓடி, லினக்ஸ்காரர்களின் மெயில் குழுவில் கேள்வி போட்டேன். முதல் பதில், கையேட்டைப் படி என்று வந்தது. நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவதாக ஒரு புண்ணியவான் எழுதினார்: உன் டிரைவர் அமெரிக்க டிவி முறையில் நிற்கிறது, அதனால்தான் கலர் வரவில்லை, உன் ஊர் முறைக்கு மாற்று.

மாற்றினேன். கேசட்டை மறுபடி ஓட்டினேன். மஞ்சள்! அவ்வளவு அழகான மஞ்சளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நீல ஜெர்சிகளைத் தாண்டி மஞ்சள் செல்வி அடித்த கோலை அவளும் முருகனும் நானும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நெஞ்சிலிருந்து அரிசி மூட்டை இறங்கியது போலிருந்தது. சிடியை எழுதி, கடையில் ஓட்டிச் சரிபார்த்து, அவள் கையில் கொடுத்தேன்.

"இப்பத்தாண்ணா நான் நானா தெரியறேன்."

கோச் ரூமில்

திங்கட்கிழமை பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து செல்வி குதித்தாள். கையில் அதே சிடி. "கலர் நல்லா தெரிஞ்சுதாம்மா?" என்றேன் பயந்துகொண்டே.

"அவுங்க கம்ப்யூட்டர்ல சிடியே ஓடலண்ணா! இன்னாமோ டிரைவரு இல்லியாம். கோச்சு பேஜாராயி, ஷூவ மாட்டிகினு கிரவுண்டுக்கு வா, ஆடிக் காட்டுன்னாரு. ஆடிக் காட்னேன், எட்த்துக்கினாங்க!"

நம் தொழிலில் படம் ஓடினால் ஒரு சந்தோஷம்தான், ஆனால் ஓடாமலேயே காரியம் முடிந்துபோனால் வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்கு எந்த டிரைவரும் தேவையில்லை.