தம்பி பார்த்த எஞ்சின்

எங்கள் ஊரில் பஞ்சாயத்துக்குக்கூட ஆண்கள் அவ்வளவு சீக்கிரம் கூடமாட்டார்கள். ஒரு காரின் பானட்டைத் தூக்கினால் போதும், டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் ஏறவில்லை என்பார் ஒருவர். கரண்ட் வரவில்லை என்பார் இன்னொருவர். இந்த இரண்டைத் தவிர எஞ்சினுக்கு மூன்றாவது நோய் உண்டு என்று அவர்களில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் கொட்டகைக்கு அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்த அன்றும் இதே கூட்டம்தான். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். திருமயத்துக்கு அப்பால் ஒரு செட்டிநாட்டு வீட்டில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம், மேலே துணிக்கூரை. முன்னால் நின்று, பின்னால் நின்று, கதவில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். லீவு முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார்.

போகும்போது வண்டியைப் பார்த்துக்கொள்ளும்படி அவர் சொல்லிவிட்டுப் போனது தன் தம்பியிடம். நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு ஆசிரியை. எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். கொழுந்தனார் செல்போனுக்கு உறை விற்கிறார். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா, எஞ்சின் ஞானம் கருவிலேயே வந்துவிடும்போல.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த எஞ்சினை ஓட வைப்பது நான்தான். ஓட வைத்தது என் பெண்டாட்டி என்று அந்த மனுஷன் வாயால் நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை ஆரம்பித்தேன். ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் நாற்றம் அடித்தது. டேங்கைக் கழுவினேன். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தேன். வாட்டர் பம்ப், பெல்ட், பிளக் எல்லாம் மாற்றினேன். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பழைய விசிறியை எடுத்துவிட்டு, வண்டி நின்றிருக்கும்போதும் காற்று வரட்டும் என்று ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் வைத்தேன்.

கொழுந்தனாரும் வாராவாரம் வந்து யோசனை சொன்னார். சைலன்சரை அறுத்துவிட்டால் சத்தம் கெத்தாக இருக்குமாம். ஏர் ஹாரன் வேண்டுமாம். பின்கண்ணாடியில் அண்ணன் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவேண்டுமாம். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

முதல் தடவை எஞ்சின் பிடித்து ஓடியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ், கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. உடனே வீடியோ காலில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, "தம்பி பக்கத்துல இருக்கானா? அவன்ட்டக் குடு" என்றார்.

அடுத்த வாரம் கறம்பக்குடியில், என்னோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் காதுகுத்து. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, சூடு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தாண்டிவிட்டது. பானட்டுக்கு அடியில் இருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். எஞ்சினுக்கும் அதன் தலைமூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது. டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. பொம்பளை கை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்.

பிரித்துப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலி. நான் ஐ.டி.ஐ.க்குப் போயிருந்த நேரத்தில் யாரோ கழற்றியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. நேரே போய்க் கேட்டேன். கொழுந்தனார் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

"நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் தேவையில்ல அண்ணி. தண்ணி தாராளமா ஓடட்டுமுன்னு நாந்தான் கழட்டிப் போட்டேன்."

எங்கள் பக்கத்தில் எந்தக் காரை வாங்கினாலும் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு அடுத்த சடங்கு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. குளிர் நாட்டுக்காரன் தன் குளிருக்கு வைத்ததாம் அது. சில வண்டிகள் இதைத் தாங்கிக்கொள்ளும். இந்த எஞ்சினில் அந்தச் சின்னச் சாமான் இரண்டு வேலை பார்க்கிறது. சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். கூடவே, தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றித் திரும்பும் குறுக்கு வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், கொதிக்கிற தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்காது. இதைப் பொறுமையாக விளக்கினேன். கொழுந்தனார் கேட்டுவிட்டு, எதற்கும் இன்னொரு மெக்கானிக்கிடம் விசாரிப்போம் அண்ணி என்றார்.

வீட்டுக்காரரோ தம்பி நல்லதுக்குத்தானே செய்தான் என்று போனில் என்னைச் சமாதானப்படுத்தினார். வண்டியைத் திருச்சிக்கு அனுப்பிவிடு, அவன் கூட இருந்து பார்த்துக்கொள்வான் என்றார். நான் அனுப்பவில்லை. ஹெட்டை மட்டும் கழற்றித் திருச்சி லேத்துக்கு பஸ்ஸில் எடுத்துப் போனேன். சூட்டில் கோணிப்போன அடிப்பக்கத்தை மட்டம் சீவி, இந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் தேயாத வால்வு சீட்டுகளைப் போடவைத்தேன். புதுக் கேஸ்கெட், புதுத் தெர்மோஸ்டாட். கொட்டகைக்கு இந்த முறை பூட்டும் போட்டேன். ஹெட்டை எஞ்சின்மேல் திரும்பப் பூட்டிய அன்று மட்டும் கொழுந்தனார் வந்தார். என் ஸ்பானரை எடுத்துக் கையில் பிடித்து ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் போனார். நோகாமல் நுங்கு தின்னும் ஜாதி.

அடுத்த லீவுக்கு வந்த வீட்டுக்காரர் என்னை ஏற்றிக்கொண்டு திருமயம் வரைக்கும் ஓட்டினார். முள் பாதியைத் தாண்டவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். வண்டியைச் சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் கேட்டார்.

"எஞ்சின் சத்தமே சுதியா இருக்கே. யாருங்க வேல பாத்தது?"

டீ கிளாஸை உதட்டருகே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நம்ம தம்பிதாங்க. கூடமாட இவளும் ஒத்தாச பண்ணுனா."

கிளாஸைக் கீழே வைத்தேன். போய் பானட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கி, உள்ளே சுற்றும் ரோட்டாரை உருவி எடுத்தேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அது இல்லாமல் எந்தப் பிளக்குக்கும் கரண்ட் போகாது. மூடியைப் பழையபடி மாட்டினேன். ரோட்டாரைக் கைப்பைக்குள் போட்டேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் என்ன செய்தேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"தம்பிக்குப் போனப் போடுங்க. அவங்கதானே பாத்தாங்க, வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுப்பாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, நின்றிருந்த புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை திருப்பினார். சிரிப்பு போய்விட்டது. இறங்கி, சட்டைப் பையில் இருந்து செல்போனை எடுத்து அவசரமாகக் காதில் வைத்தார். என் கைப்பைக்குள் மணி அடித்தது. அதை அடிக்கவிட்டு, கண்டக்டரிடம் புதுக்கோட்டைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.