காக்கைக்கு வைத்த சோறு

தில்லியில் யார் இருமினாலும் பழி புகைமேல்தான் விழும். ஏழு வயது மகளுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தபோது நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் ஜன்னல்களை எல்லாம் அடைத்தோம். காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் ஒன்றை வாங்கி அவள் தலைமாட்டில் வைத்தார் என் கணவர். அது பாட்டுக்கு உறுமியது. அவள் பாட்டுக்கு இருமினாள்.

ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சேர்த்துக்கொண்டார்கள். ஊசிமேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் நுரையீரலின் வெள்ளைத் திட்டு பெரிதாகிக்கொண்டே போனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நர்ஸிடம் ஓடினேன், மானிட்டரைப் பார்க்கத் திரும்பி ஓடினேன். "செத்த உக்காரேன்" என்றார் கணவர். உட்கார முடிந்த மனிதர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெரிய டாக்டர் வந்தார். வழக்கமான கிருமி என்றால் இந்த மருந்துக்கு இதற்குள் அடங்கியிருக்கும், இது குழந்தைகளுக்கு அபூர்வமாக வருகிற ஏதோ ஒன்று என்றார். பிறகு ஹிந்தியில் கேள்விகளை அடுக்கினார். வெளியூர் போனீர்களா? வீட்டில் யாருக்காவது டி.பி.யா? கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் 'நஹி' என்றோம். ஒன்றும் பொய்யில்லை.

அவர் கிளம்பும்போது மகள் முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

"டாக்டர் அங்கிள்... கர் கப்... ஜாவூங்கி? கௌவே கோ... சாவல் தேனா ஹை."

வீட்டுக்குப் போய்க் காக்காய்க்குச் சாதம் வைக்கணுமாம். டாக்டர் விழித்தார். சமைத்ததும் முதல் பிடியைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவது எங்கள் வழக்கம் என்று கணவர் அசடு வழியச் சொன்னார்.

"காக்காய் வருகிறதா?" என்றார் டாக்டர்.

மகள்தான் சொன்னாள். "நஹி... கபூதர்."

எங்கள் பால்கனிக்குக் காக்காய் வந்து எத்தனையோ காலமாகிறது. வருவதெல்லாம் புறாக்கூட்டம். சோறு வைக்கும் முன் காய்ந்த புறா எச்சத்தை விளக்குமாற்றால் தூள் பறக்கப் பெருக்குவது அவள் வேலை. சமர்த்து என்று வேறு மெச்சியிருக்கிறோம். புறாவை யாராவது வளர்ப்புப் பறவை என்று சொல்வார்களா? காக்கையின் பங்கைத் தின்னும் திருடர்கள் என்றுதான் வைதுகொண்டிருந்தேன்.

கிளி, புறா எச்சத்திலிருந்து தொற்றுகிற கிருமி ஒன்று உண்டு என்றார் டாக்டர். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தை மாற்றினார். இது சரியான மருந்துதானா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிரவு முழுக்க அவள் நெஞ்சின்மேல் கையை வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாளும் கையை எடுக்க எனக்குத் துணிவில்லை.

மத்தியானம் அவள் கண் திறந்து, நெஞ்சில் கனத்துக் கிடந்த என் கையைத் தள்ளினாள்.

"அம்மா, எத்தனை வாட்டி சொல்றது, கை பாரியா இருக்கு, ஜல்தி எடும்மா!"

அவ்வளவையும் நடுவில் இருமாமல் ஒரே மூச்சில் சொன்னாள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.