பச்சைக் கட்டத்தில் ஒட்டிய டேப்

தெருவில் அவருக்குத் தாடையார் என்று பேர். அவருடைய ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்தவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, பால்காரராக இருந்தாலும் சரி, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லாமல் அவர் பட்டனை அமுக்கியதில்லை. கடைக்குள் அந்த ஒரு நாற்காலி, பின்னால் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் குடை கட்டிய விளக்குகள், சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே பலகைத்தட்டில் ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும். பாஸ்போர்ட், அடையாள அட்டை, பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எல்லாம் மார்பளவுப் படங்கள்தான். அதை வைத்துக்கொண்டே மனிதர் தன்னைப் பெரிய கலைஞராக நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்புக்கு என்ன வரியா போடுகிறார்கள்?

அவருடைய கேமராவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஃபிலிம் காலம் முடிந்துபோய் டிஜிட்டல் கேமரா வாங்கியபோது, அதன் தலையில் இருந்த டயலைப் பார்த்து மிரண்டுபோனார். ஏகப்பட்ட எழுத்துகள், ஓடுகிற ஆள் படம், பூ, மலை. நடுவில் ஒரே ஒரு பச்சைக் கட்டம். அதில் வைத்துவிட்டால் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். தாடையார் டயலைப் பச்சைக் கட்டத்தில் வைத்து, அது நகராதபடி மேலே டேப் சுற்றி ஒட்டினார். கேமராவோடு வந்த புத்தகம் உறை பிரியாமல் மேஜை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"எதுக்கு டேப்?" என்று யாராவது கேட்டால், "கண்டவங்க கை பட்டா செட்டிங் போயிடும்" என்பார். அவர் பயந்ததெல்லாம் தன்னுடைய கைக்குத்தான். ஒரே ஒரு தடவை, கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்ன பட்டன் ஒன்றை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பட்டன் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிட்டார்.

வெளுத்த முகங்கள் அந்தக் கேமராவில் ஏதோ சுமாராக வந்தன. கறுத்த முகங்கள் கரியாக வந்தன. ஃபிலிம் இருந்தவரைக்கும் பிரிண்ட் போடுகிற லேப்காரர் இதையெல்லாம் சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது தாடையாருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் பவுடர் டப்பா. "உங்க நிறத்துக்கு இப்படித்தாங்க வரும். கொஞ்சம் பூசிட்டு வந்து உக்காருங்க" என்பார், கூச்சநாச்சம் இல்லாமல். ஆம்பளைகள் தாங்களே பூசிக்கொண்டார்கள். பெண்கள் வந்தால் பூசிவிடுவது அவர் மனைவியின் வேலை. தெர்மாகோல் பலகையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்புவதும் அவள் வேலைதான்.

அவளும் கறுப்பு. "உனக்குப் போட்டோ ஒத்துக்காது" என்று கல்யாணமான புதிதில் கிண்டலாகச் சொன்னார். சொல்லிச் சொல்லிக் கிண்டல் தேய்ந்துபோய் அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. வீட்டில் எப்போது படம் எடுத்தாலும் அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவர் கூப்பிடவும் இல்லை, அவளாக வரவும் இல்லை.

இப்படியே காலம் போயிருக்கும். கடல் தாண்டி வாழ்க்கைப்பட்ட மகள் முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு அம்மா வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இருந்தது, அம்மாவுக்குக் கிடையாது. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். படம் எடுக்க வெளியே போக வேண்டுமா என்ன? வீட்டிலேயே ஸ்டுடியோ!

நாலாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'முகம் தெளிவாக இல்லை' என்று ஒரு வரி. தாடையாருக்குச் சுருக்கென்றது. அதே படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சத்தை ஏற்றினார். முகம் சாம்பல் பூத்தது, காது இருக்குமிடம் தெரியாமல் போனது. அதுவும் திரும்பி வந்தது: 'படம் திருத்தப்பட்டுள்ளது.' இன்னும் ஒரே தடவைதான் அனுப்பலாம், அதற்கும் பத்து நாள்தான் கெடு, அதுவும் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. முதலிலிருந்து தொடங்கினால் பேரப்பிள்ளை நடக்க ஆரம்பித்திருக்கும்.

"நாலு தெரு தள்ளி இன்னொரு ஸ்டுடியோ இருக்குதே, அங்க போய் எடுத்துக்கட்டுமா?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"ஸ்டுடியோக்காரன் பொண்டாட்டி இன்னொரு ஸ்டுடியோவுல போய் உக்காரணுமா? நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

"சரி, விடுங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க. என் மூஞ்சிதான் போட்டோவுல விழாதே. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பார். அவள் சமாதானம் சொல்கிற குரலில் அல்லவா சொன்னாள்! அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரின் மறுகோடியில் ஒரு நாள் வகுப்பு நடக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. டிஜிட்டல் கேமரா, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. தாடையார் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பஸ்ஸிலேயே நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்தார். பதினைந்து வருஷத்துப் பசை. எடுத்தாலும் பிசுபிசுப்பு போகவில்லை.

பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்தியவர் பத்திரிகைகளுக்குப் படம் எடுக்கும் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல கறுப்பு. ஒவ்வொருவராக யார், என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். தாடையாரின் முறை வந்ததும், "குமாஸ்தாவா இருந்தேன். இப்ப ரிடையர்டு. சும்மா ஒரு ஆசை" என்று வாய் கூசாமல் சொன்னார்.

பக்கத்தில் இருந்த பல் டாக்டர் அவர் கேமராவைத் தொட்டுப் பார்த்து, "டயல்ல என்ன, ஜாம் கொட்டிட்டீங்களா?" என்று கேட்டார். தாடையார் சிரித்து வைத்தார்.

காலையெல்லாம் பாடம். லென்ஸுக்குள் இருக்கும் துளையைப் பெரிசாக்கினால் வெளிச்சம் அதிகம் வரும், பின்னால் இருப்பது மங்கும். திறந்து மூடும் வேகத்தைக் குறைத்தால் ஆடுகிறது கலங்கும். ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றினால் இருட்டிலும் எடுக்கலாம், ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தாடையார் விண்ணப்பப் படிவத்தின் முதுகில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுத எழுத, இத்தனை வருஷம் எதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நாம் கடை நடத்தினோம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. அதை அதட்டி உட்காரவைத்தார்.

மத்தியானம் அந்தப் பெண் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டினார். "நானே நிக்கிறேன். ஆட்டோவுல வச்சு யாராவது ஒருத்தர் என்னை எடுங்க" என்றார்.

வெள்ளைத் துணி, மார்பளவு. தாடையார் விழுந்தடித்துக்கொண்டு எழுந்தார். இது நம் பேட்டை அல்லவா! "தோளைத் தளர்த்திக்குங்க மேடம். தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. அவ்வளவுதான், மூச்சு விடுங்க" என்று அவர் சொன்ன தோரணையில் வகுப்பே வாயைப் பிளந்தது. அமுக்கினார். சுவர்த்திரையில் படம் பெரிதாக விழுந்தது. துணி பழுப்பாக, முகம் அட்டைக்கரியாக.

"எப்படி இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டார்.

பழக்கம் என்பது பொல்லாதது. தாடையாரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டா எடுப்பா இருக்கும், மேடம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் அவரையே பார்த்தார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. இந்த வாக்கியத்தைச் சின்ன வயதிலிருந்து எத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாரோ.

"சார், நீங்க ஸ்டுடியோ வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றார் தாடையார்.

"என் மூஞ்சில ஒரு கோளாறும் இல்ல சார். இந்தக் கேமராவுக்குக் கண்ணு இருக்கு, புத்தி கிடையாது. எதிர்ல இவ்வளவு பெரிசா வெள்ளைத் துணி இருந்தா, ஐயையோ வெளிச்சம் ஜாஸ்தின்னு பயந்து எல்லாத்தையும் இருட்டாக்கிடும். பயப்படாதே, கூட்டுன்னு நாமதான் சொல்லணும். டயலை 'பி' எழுத்துல வைங்க. ஆட்டோவுல இருந்தா இந்தக் கூட்டல் கழித்தல் பட்டன் வேலையே செய்யாது. இப்ப அமுக்குங்க. கூட்டல்ல ஒண்ணு. எடுங்க."

எடுத்தார். திரையில் துணி வெள்ளையாக இருந்தது. முகம் அதன் நிறத்திலேயே, கறுப்பாக, அழகாக இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த சின்ன மச்சம்கூடத் தெரிந்தது. வகுப்பு கைதட்டியது. தாடையாருக்குக் காது சுட்டது, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தேநீர் இடைவேளையில் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் முகங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர், கடையின் பின்பக்கக் குழாயில் மூன்று தரம் சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டு வந்து "இப்ப சரியா இருக்குங்களா?" என்று கேட்டவர். எதிர்வீட்டுத் தையல்காரி, தன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவளும் என்னை மாதிரியே, பாவம்" என்று சொன்னவள். அன்றைக்கு இவரும் 'ஆமாம்' என்று தலையாட்டினாரே! தூ, என்ன மனிதன் நான் என்று தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அவமானம் என்றால் நாலு பேர் முன்னால் தலைகுனிவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். பஸ்ஸில் அவரை ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் கூனிக் குறுகித்தான் உட்கார்ந்திருந்தார்.

கெடுவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மனைவியை உட்காரச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. மறுபடி சொதப்பிவிட்டால்? திங்கட்கிழமை அவள் மளிகைக் கடைக்குப் போயிருந்த நேரம், சமையலறையிலிருந்து இரும்பு வாணலியை எடுத்துவந்து நாற்காலியில் சாய்த்து வைத்தார். பின்னால் வெள்ளைத் துணி. கூட்டலில் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை.

"வாணலிக்குப் பாஸ்போர்ட்டா? எந்த ஊருக்குப் போகுதாம்?" என்று கேட்டு அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் போனார். அதற்குள் அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது. "ஓ... எனக்குப் பதிலா இதுவா?"

இதைவிட அடித்திருக்கலாம். "இல்ல, அப்படி இல்ல" என்று இரண்டு தரம் சொன்னார். அப்படித்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. வாணலியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "நீயே உக்காரு. இந்தத் தடவை வந்துடும்" என்றார்.

உட்காரும் முன் அவள் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போயிற்று.

"வேணாம்" என்றார்.

"வெறும் மூஞ்சியோடவா?"

"ஆமா."

தாடையை இறக்கச் சொல்லவில்லை. எடுத்தார். கேமராவின் பின்பக்கத்தை அவளிடம் திருப்பிக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கே. என்ன பண்ணீங்க? புது பல்பா?"

பல்பு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வகுப்பில் சொன்ன 'இல்லீங்க' இன்னும் தொண்டையில் முள்ளாக நின்றது. எல்லாவற்றையும் சொன்னார்: வகுப்பு, பொய், டேப், ரிப்பேர் என்று நினைத்த பட்டன். "உன் முகத்துல எந்தக் குறையும் இல்ல. எனக்குத்தான் தெரியல. பதினஞ்சு வருஷமா அந்தப் பட்டன் என் விரல் பக்கத்துலயே இருந்திருக்கு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை பொம்பளைங்களுக்கு இந்தக் கையால பூசிவிட்டேன்" என்றாள். அப்புறம் வாணலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பாஸ்போர்ட்டும் வந்தது, டிக்கெட்டும் ஆயிற்று. புறப்படும் நாள் காலையில் பெட்டி கட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "நம்ம பொண்ணைச் சின்னதுல நான் தூக்கி வச்சிருந்த மாதிரிப் போட்டோ ஏதாவது இருக்கா? அவ பார்க்கணும்ங்கிறா."

தாடையார் ஆல்பங்களையெல்லாம் இறக்கினார். ஃபிலிம் படங்கள், டிஜிட்டல் படங்கள், ஒன்று விடாமல் புரட்டினார். மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், பரிசு வாங்கினாள். பெற்ற தாய் எங்கும் இல்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. புதுக் கேமராவில் எடுத்த முதல் குடும்பப் படம், மகளின் பத்தாவது பிறந்தநாள். நடுவில் கேக்கும் மகளும். வலது ஓரத்தில் பச்சைப் புடவையின் மடிப்பும், தெர்மாகோல் பலகையைப் பிடித்த ஒரு கையும். முழங்கையோடு படம் முடிந்திருந்தது.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "ஆமா, நான்தான். அன்னைக்குத்தான் அந்தப் புடவையைப் புதுசாக் கட்டினேன். எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவர் யோசித்தார். கேக்கின் மேல் எத்தனை மெழுகுவத்தி, மகளின் சட்டையில் எத்தனை பூ, எல்லாம் ஞாபகம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கை மட்டும் விழுந்த அந்தப் படத்தைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாகச் செருகிப் பெட்டியை மூடினாள்.