அடங்கிப்போனவள்

மனைவியின் உள்ளங்கையைப் பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் அழுத்திப் பிடித்த வழக்கில் அவன் சிறையில் இருந்தான். முத்தியால்பேட்டைக்காரன், லோடு ஆட்டோ ஓட்டுபவன். குற்றம் செய்தவர்களின் நடத்தையை ஆராய்வது என் வேலை. செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, செய்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

"கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது மேடம்" என்றான்.

"முதலாளி திட்டினா?"

"சிரிச்சிப்பேன்."

"ஏன்?"

"வேலை பூடுமே."

கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

"வீட்ல அடிச்ச பிறகு என்ன நடக்கும்?"

"அப்பறம் அவ வாயே தொறக்க மாட்டா. சோறு சூடா வரும்."

சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கமில்லை. வீட்டுச் சாப்பாட்டை நினைத்த ஏக்கம்தான் இருந்தது.

நீதிமன்றத்திலும் அதையே சொன்னேன். இது கட்டுக்கடங்காத கோபமல்ல. அடித்தால் கேட்டது கிடைக்கிறது, அதனால் அடிக்கிறான்.

அவனுடைய வக்கீல் எழுந்தார். "அப்போ அந்தம்மா அடங்கிப்போகாம இருந்திருந்தா இவரு நிறுத்தியிருப்பாரு. ஆமாவா, இல்லையா?"

"இல்லை. முதல் தடவை அவங்க கத்தினாங்க. அன்னிக்குத்தான் பல்லை உடைச்சார்."

வெளியே வராந்தாவில் அவன் மனைவி என்னிடம் வந்தாள். கையில் கட்டு இன்னும் இருந்தது.

"அப்ப நான்தான் அவர இப்பிடிப் பழக்கி வுட்டுட்டனா மேடம்?"

"இல்லம்மா. தப்பு முழுக்க அவருது."

தலையாட்டினாள். நம்பவில்லை.

தண்டனை கிடைத்தது. ஆனால் விசாரணையின்போது உள்ளே இருந்த காலமே அதற்குச் சரியாகிவிட்டதால், தீர்ப்பு வந்த அன்றே வெளியே வந்தான். பெண்கள் காப்பகத்தில் அவளுக்கு இடம் கேட்டு வைத்திருந்தேன். பெரிய பையனுக்கு வயது கூடிவிட்டதால் அவனை அங்கே சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், வேண்டாமென்று கணவனோடே வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில மாதங்கள் கழித்து வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போனபோது அவளைப் பார்த்தேன். விரல்கள் உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப்போய் நிமிரவில்லை; பையை முழங்கையில் மாட்டியிருந்தாள்.

"இப்பல்லாம் அடங்கிப் போறதில்ல மேடம். கத்திடறேன்."

"நிறுத்திட்டாரா?"

"இல்ல. மொதல்ல வாய்ல துணிய அடைச்சிடறாரு."

அவள் மீன்காரம்மா பக்கம் திரும்பினாள்.

"தலைய வெட்டிப் போட்டுடாதக்கா. அவருக்கு அதான் புடிக்கும்."