சோற்றால் ஒட்டிய படங்கள்

மனைவி இறந்த பிறகு, கிளென் ஈடன் என்ற ஊரில் நாங்கள் இருந்த வீட்டை விற்க நானும் மகனும் முடிவெடுத்தோம். சுவர் பூசுவதுதான் என் தொழில். அதனால் விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்க வேறு ஆளைக் கூப்பிடவில்லை. மகன் உதவிக்கு வந்தான்.

அவனுடைய பழைய அறையில் சுவர் அலுமாரியைத் திறந்து துணிகளை எடுத்தோம். உள்ளே பின்சுவர் முழுக்க விளம்பரங்கள். தொண்ணூறுகளில் வந்த ஸ்கேட்போர்ட் பத்திரிகைகளிலிருந்து வெட்டியவை. ஒரு காலுக்குள்ளேயே இரண்டு பேர் புகுந்துகொள்ளக்கூடிய தொளதொள களிசான்கள். காலில் பாண் ரொட்டி போல வீங்கின சப்பாத்துகள். எனக்குச் சிரிப்பு வந்தது.

“இந்தச் சப்பாத்துக்கோடா அப்ப அழுதனி?”

“ஓம் அப்பா. அம்மாதான் இதுகளை ஒட்டினவ. ‘வாங்க ஏலாது, படத்தைப் பாத்துக்கொண்டிரு’ எண்டு சொன்னவ.”

நம்ப முடியவில்லை. ஸ்கேட்போர்டைக் கண்டாலே, “கை காலை முறிச்சுக்கொண்டு வா, கஞ்சி காய்ச்சித் தாறன்” என்று ஏசுகிறவள் அவள்.

படங்களைச் சுரண்டுவதற்கு முன் நனைக்கலாம் என்று ஈரத் துணியை எடுத்தேன். ஒரு படத்தின் மூலை கழன்றிருந்தது. அதன் பின்னால் காய்ந்த சோறு. ஊரில் செய்வதுபோல, சோற்றை நசித்து ஒட்டியிருக்கிறாள். விரலால் அழுத்திய தடம் அப்படியே இருந்தது.

“தண்ணி வைக்காதேங்கோ அப்பா, கரைஞ்சிடும்.”

துணியைக் கீழே வைத்தேன். இந்த நாட்டு வீடுகளில் உள்சுவர் என்பது சட்டத்தில் அடித்த மெல்லிய பலகைதான். மரம் அறுக்கிற வாளை எடுத்து, அந்தச் சுவர்ப் பலகையையே படங்களோடு வெட்டி எடுத்தேன். ஓட்டையில் புதுப் பலகை வைத்துப் பூசினேன். வீடு வாங்கியவர்கள் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

பலகை இப்போது மகன் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் சப்பாத்துகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கழன்ற அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.