இரண்டு அம்பியர் என்று எழுதியிருந்தது

போன கிழமை கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு அடப்டர் வாங்கினேன். வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்து மூட ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு பூட்டியிருக்கிறேன், அதற்குக் கரண்ட் கொடுக்கத்தான். செருகிக் கொஞ்ச நேரம் ஆகவில்லை, சூடேறிய பிளாஸ்டிக் மணம் குசினியில் அடுப்படி வரைக்கும் போய்விட்டது. வால்வு திறக்கிற ஒவ்வொரு முறையும் போர்டு செத்துச் செத்துப் பிழைத்தது. அடப்டரைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் வடிவாக அச்சடித்திருக்கிறார்கள்: ஐந்து வோல்ட், இரண்டு அம்பியர். கரண்ட் அளக்கிற மீற்றரை வைத்துப் பார்த்தேன். அதில் பாதி கேட்டாலே மூச்சு வாங்குகிறது. பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

"ஒரு அடப்டருக்கு ஏனப்பா இந்தக் கத்துக் கத்துறியள்?" என்றாள் மனைவி. அவளுக்கு ரெஜினா அக்காவைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதனால்தான் சொல்கிறேன்.

கலியாணம் கட்ட முந்தி நான் மாங்குளம் சந்தியில் ரேடியோ, ரீவி திருத்துகிற ஒரு கடையில் வேலை செய்தேன். ஈயம் உருகும் புகையும் பக்கத்துக் கடையின் ரொட்டி மணமும் கலந்து வரும். இன்றைக்கும் ரொட்டி சுட்டால் எனக்குக் கை தானாக ஈயக்கோலைத் தேடும். இரவல் லப்டொப்பில் புரோகிராம் எழுதப் பழகியிருந்ததில் தலைக்கனம் வேறு. கலியாண வீட்டுக்கும் சட்டைப்பையில் டெஸ்டர் தெரியக் குத்திக்கொண்டு போன ஆள் நான்.

அந்தக் கடைக்குத்தான் ரெஜினா அக்கா பஸ்ஸில் வந்தார். முல்லைத்தீவுக் கரையில் வீடு, கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரு உதவித் திட்டத்தில் அக்காவுக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கிற மெசின் கொடுத்திருந்தார்கள். சூடு கொடுக்கும் பல்பு, காற்றாடி, முட்டையைப் புரட்டும் மோட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவும், அடை வைத்து எத்தனையாம் நாள் என்று எண்ணித் திரையில் காட்டவும் ஒரு சின்னப் போர்டு. அந்தப் போர்டைக் கழற்றித் துவாயில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"அயலட்டைச் சனம் நம்பித் தந்த முட்டை தம்பி. அவ்வளவும் கூழாப் போச்சு. திட்டக்காரரைக் கேட்டா, நான் பட்டனை மாறி அமத்திப்போட்டனாம். அடுத்த முறையும் பொரிக்காட்டி மெசினைத் தூக்கிக்கொண்டு போயிடுவினமாம்."

கடையில் பூட்டினால் போர்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான் புரோகிராமில்தான் பிழை என்று முடிவுகட்டி, இரண்டு நாள் இருந்து திருத்தி எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமையே அக்கா திரும்பி வந்தார். திரையில் பழையபடி முதலாம் நாள் என்றே வருகிறதாம். கடையில் ஓடுகிறது, வீட்டில் விழுகிறது என்றால் பிழை வீட்டில்தானே இருக்க வேண்டும்? இது உறைக்க எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது. மீற்றரைத் தூக்கிக்கொண்டு ஒட்டுசுட்டான் வழியாகப் பஸ் ஏறினேன்.

அங்கே போய்ப் பார்த்தால், கரண்ட் குசினியில், மெசின் விறாந்தையில். இடையில் வயர் எட்டவில்லை என்று அக்காவின் கணவர் வேறொரு வயரை ஒட்டியிருந்தார். எப்படி ஒட்டினார் என்கிறீர்கள்? வலை முடிகிற அதே முடிச்சு! சுறா இழுத்தாலும் அவிழாது. ஆனால் மேல்தோல் சரியாகச் சீவாததால் உள்ளே கம்பியும் கம்பியும் பட்டும் படாமலும் கிடந்தன.

"இறுக்கம் காணாதோ தம்பி?" என்று கேட்டார் மனிதர்.

"இறுக்கம் காணும் அண்ணை. கரண்டுக்குத்தான் வழியில்லை."

மூவரும் சிரித்தோம். முடிச்சை வெட்டி, சீவி, ஈயம் வைத்து ஒட்டினேன். காரியம் முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. சும்மா இருக்கும்போது மீற்றர் ஐந்து வோல்ட் காட்டியது. பல்பைப் போடும் ரிலேயும் காற்றாடியும் ஒன்றாக எழும்பினவுடன் நாலுக்குக் கீழே விழுந்தது. அத்தோடு போர்டு மயங்கி, முதலாம் நாளிலிருந்து தொடங்கும். பல்பு அணைந்துவிடும். முட்டை குளிரும். அடப்டரின் வாயிலேயே மீற்றரை வைத்தேன். அங்கும் அதே விழுகை. முதுகில் எழுதியிருந்தது, இரண்டு அம்பியர்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்கோ, உங்கட கைப்பிழை இல்லை." அவர் மீற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

கடையில் கிடந்த கனமான பழைய அடப்டர் ஒன்றைக் கொண்டுபோய்ப் பூட்டினேன். அதன் பிறகு மெசின் ஒரு தரம்கூட விழவில்லை. அயலட்டைச் சனம் அரைமனதோடு திரும்பவும் முட்டை கொடுத்தார்கள். பொரிக்க இன்னும் நாலு நாள் இருக்கும்போது திட்டக்காரரின் வாகனம் வந்து நின்றது. வருகிறார்களாம் என்று அக்கா முதல் நாளே போன் எடுத்துச் சொல்லியிருந்ததால் நானும் அங்கே நின்றேன்.

வந்த அதிகாரிக்கு மீற்றரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. தங்களுடைய அடப்டரைத் திருப்பி, எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதில ரெண்டு அம்பியர் எண்டு கிடக்குத்தானே? வெளி ஆள் கை வைச்ச மெசினுக்கு நாங்கள் பொறுப்பில்லை."

"நாலே நாலு நாள் பொறுங்கோ சேர், உள்ளுக்கை உயிர் இருக்கு" என்று அக்கா மன்றாடினார். அவர்கள் பொறுக்கவில்லை. முட்டைகளை ஓலைக் கடகத்தில் எடுத்து வைத்துவிட்டு மெசினை ஏற்றினார்கள். ஓடுகிற மெசினை! அடை கிடந்த அயல்வீட்டுக் கோழிக்குக் கீழே வைத்த கொஞ்சம்தான் பொரித்தது. மற்றதெல்லாம் ஓட்டுக்குள்ளேயே செத்தது. அதே திட்டத்தில் மெசின் எடுத்த மற்றப் பெண்களுக்கும் இதே அடப்டர்தான், இதே பழிதான். மெசின்களைத் திருப்பி எடுத்துப் பரந்தனில் எங்கோ அடுக்கி வைத்தார்களாம். பெண்களுக்குப் பயிற்சி போதாது என்று கூட்டத்தில் பேசினார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மீற்றரை நிலத்தில் அடித்திருப்பேன், அது முதலாளியின் மீற்றர்.

இன்றைக்கு அந்தக் கடை இல்லை, அந்த இடத்தில் போன் விற்கிறார்கள். பழுதானால் திறந்து பார்க்க ஆளில்லை. திறக்க ஆணியும் இல்லை, ஒட்டியே விட்டுவிடுகிறார்கள். அக்காவின் தெருவுக்குக் கோழிக்குஞ்சு வெளி மாவட்டத்து லொறியில் வருகிறது.

போன வருடம் முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். சுகம் விசாரித்துக் கதைத்துக்கொண்டு போகையில் மெசின் கதை வந்தது.

"அதை விடுங்கோ தம்பி. நான்தான் எதையோ பிழையா அமத்திப்போட்டன் போல. எங்கட கைக்கு உதெல்லாம் சரிவராது."

மீற்றர் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர். நான் மாற்றிய அடப்டரில் மெசின் விழாமல் ஓடியதையும் பார்த்தவர். அவர்கள் சொன்னதைத்தான் கடைசியில் நம்பியிருக்கிறார்.